ஃபீஸ் கட்டியாச்சு, கணக்கு முடிஞ்சுதா?

அமெரிக்காவில் எம்.எஸ். படிக்க இடம் கிடைத்த வீட்டில் முதல் ஒரு மாதம் ஒரே பேச்சுதான்: மொத்தம் எவ்வளவு ஆகும்? முப்பது லட்சமா, ஐம்பதா, வீட்டுப் பத்திரத்தை வைத்தால் பேங்க் எவ்வளவு தரும்? அந்தப் பேச்சு தேவைதான். ஆனால் போய்ச் சேர்ந்த பிறகு வருகிற சிக்கல்களைக் கவனித்தால், மொத்தத் தொகையைவிட அதிகமாக ஆளைத் தடுக்கி விடுவது தேதியும் கணக்கும்தான். லோன் சாங்ஷன் ஆகியிருக்கும், அப்பாவின் சேமிப்பும் கையில் இருக்கும். அப்படியிருந்தும் ஆகஸ்ட் கடைசியில் மாணவரின் போர்ட்டலில் "ஹோல்ட்" என்று ஒரு சிவப்புக் கொடி நிற்கும். பணம் இல்லாததால் இல்லை. பணம் எங்கே, எப்போது, யார் பெயரில் போய்ச் சேர வேண்டும் என்பதை யாரும் உட்கார்ந்து பார்க்காததால்.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். பல்கலைக்கழகம் அனுப்பும் ஐ-20 படிவத்தில் ஒரு தொகை இருக்கும். ட்யூஷன், தங்குமிடம், சாப்பாடு, புத்தகம், காப்பீடு எல்லாம் சேர்த்து ஓர் ஆண்டுக்கு இவ்வளவு ஆகலாம் என்ற மதிப்பீடு அது. அந்த அளவு பணத்துக்கு வழி இருக்கிறது என்று நீங்கள் காட்டினால்தான் ஐ-20 கிடைக்கும். ஆனால் அது பில் இல்லை. அந்தத் தொகையை யாரும் உங்களிடம் அப்படியே கேட்கப் போவதில்லை. அதோடு நிற்கவும் போவதில்லை. விசாவுக்கு முன் கட்டும் செவிஸ் கட்டணம் 350 டாலர், விசா விண்ணப்பக் கட்டணம் 185 டாலர் ஆகியவை அமெரிக்க அரசுக்குப் போகிறவை. பல்கலைக்கழகக் கணக்குக்கும் அவற்றுக்கும் சம்பந்தமே இல்லை.

உண்மையான பில் இருக்கும் இடம் "ஸ்டூடண்ட் அக்கவுண்ட்". பெயரைப் பார்த்துப் பேங்க் கணக்கு என்று நினைத்துக்கொள்கிறவர்கள் உண்டு. மளிகைக் கடையில் வைத்திருக்கும் பற்று நோட்டு மாதிரிதான் அது. நீங்கள் பாடத்துக்குப் பதிவு செய்தால் ஒரு பற்று, காப்பீட்டுக்கு ஒரு பற்று, நூலகத்தில் புத்தகம் தாமதமானால் ஒரு பற்று. நீங்கள் பணம் அனுப்பினால் வரவு, உதவித்தொகை வந்தால் வரவு. இந்த நோட்டைப் பராமரிக்கும் அலுவலகத்துக்குப் பல இடங்களில் பர்சர் ஆபீஸ் என்று பெயர். சில இடங்களில் ஸ்டூடண்ட் அக்கவுண்ட்ஸ் என்பார்கள். தாளில் பில் அச்சடித்து வீட்டுக்கு அனுப்புகிற வழக்கம் அநேகமாகப் போய்விட்டது. பல்கலைக்கழகம் கொடுத்த மின்னஞ்சலுக்கு "பில் தயார்" என்று ஒரு வரி வரும், அவ்வளவுதான். அந்த அஞ்சல் பெட்டியைத் திறக்காமல் ஜிமெயிலையே பார்த்துக்கொண்டிருக்கும் மாணவர்தான் முதலில் மாட்டுவார்.

ஒரு பில்லைப் பிரித்துப் பார்ப்போம். எண்கள் விளக்கத்துக்காக நான் போட்டவை. வடிவம் மட்டும் உண்மையானது. மாநில அரசின் பல்கலைக்கழகம் ஒன்றில் பொறியியல் எம்.எஸ். சேரும் மாணவி முதல் செமஸ்டருக்கு 9 கிரெடிட் எடுக்கிறார். கிரெடிட்டுக்கு 1,300 டாலர் வீதம் ட்யூஷன் 11,700. கட்டாயக் கட்டணங்கள் 1,150. வெளிநாட்டு மாணவர் கட்டணம் 150. பொறியியல் துறைக்கென்று தனியாக 600. மருத்துவக் காப்பீடு 1,400. மொத்தம் 15,000. இடத்தை உறுதி செய்ய முன்பே கட்டிய 500 டாலர் வரவில் கழிகிறது. பாக்கி 14,500.

இதில் கவனிக்க வேண்டியது, பல்கலைக்கழகத்தின் விளம்பரப் பக்கத்தில் பெரிய எழுத்தில் இருப்பது அந்த 11,700 மட்டும்தான் என்பது. மீதி 3,300 டாலர் சின்ன எழுத்துச் சமாசாரம். எக்செல் தாளில் ஐந்து கல்லூரிகளின் ட்யூஷனை வரிசையாக எழுதி, குறைந்ததைத் தேர்ந்தெடுக்கிறவர்கள் இந்தச் சின்ன எழுத்தையும் ஒரு பத்தியாகச் சேர்த்துக்கொள்ள வேண்டும். இரண்டாவதாக, சில இடங்களில் கிரெடிட் கணக்கில் கட்டணம். சில இடங்களில் முழுநேர மாணவர் எத்தனை கிரெடிட் எடுத்தாலும் ஒரே தொகை. பின்னதாக இருந்தால், 9 எடுக்கிற இடத்தில் 12 எடுத்துப் படிப்பை ஒரு செமஸ்டர் முன்பே முடிப்பது பெரிய லாபம். முன்னதாக இருந்தால் அந்த லாபம் ட்யூஷனில் வராது, வாடகையிலும் கட்டாயக் கட்டணங்களிலும்தான் வரும். 9-க்குக் கீழே இறங்கிச் சிக்கனம் பண்ணலாமா என்றால், எஃப்-1 விசாக்காரர் முழுநேர மாணவராக இருந்தே ஆக வேண்டும். முதுநிலைக்கு அந்த அளவைப் பல்கலைக்கழகம்தான் வகுக்கும். பெரும்பாலான இடங்களில் அது 9.

காப்பீட்டுக் கட்டணம் தனிக் கதை. சில பல்கலைக்கழகங்கள் தங்கள் காப்பீட்டைத் தவிர வேறெதையும் ஏற்பதில்லை. வேறு சில, அதே அளவு பலன் தரும் வெளிக் காப்பீடு இருந்தால் விலக்கு தரும். ஆனால் அதற்கு விண்ணப்பிக்கக் கடைசி நாள் ஒன்று உண்டு, பெரும்பாலும் செமஸ்டர் தொடங்கிய சில வாரங்களுக்குள். அது தாண்டினால் ஆண்டுக்கான கட்டணம் அப்படியே நிற்கும். அதற்காக விலை குறைந்த காப்பீடு கிடைக்கிறது என்று கண்ணை மூடிக்கொண்டு தாவவும் கூடாது. ஒரு கைமுறிவுக்கு அமெரிக்க மருத்துவமனை போடும் பில்லைப் பார்த்தவர்கள் 1,400 டாலரைப் பற்றிப் புகார் சொல்வதில்லை.

இனி பணத்தை அனுப்பும் கட்டம். இந்தியாவில் இருந்து இரண்டு வழிகள் வழக்கம். ஒன்று, பேங்க் கிளைக்குப் போய் ஏ2 படிவம் நிரப்பி, கல்விக்கான நோக்கக் குறியீடு எஸ்0305 போட்டு, ஸ்விஃப்ட் வழியாக நேரே பல்கலைக்கழகத்தின் கணக்குக்கு அனுப்புவது. மற்றது, போர்ட்டலிலேயே இருக்கும் ஃப்ளைவயர், கன்வெரா போன்ற சேவைகள் வழியாக ரூபாயில் கட்டுவது.

ஸ்விஃப்ட்டில் அனுப்பும்போது நடுவில் இருக்கும் பேங்குகள் தங்கள் கூலியை எடுத்துக்கொள்ளும். நம் மாணவியின் அப்பா 14,500 அனுப்புகிறார். போய்ச் சேருவது 14,465. போர்ட்டலில் 35 டாலர் பாக்கி. அது சின்னத் தொகை என்று மனிதருக்குத் தெரியும், மென்பொருளுக்குத் தெரியாது. கெடு நாள் தாண்டியதும் அந்த 35 டாலருக்கும் தாமதக் கட்டணம் ஏறலாம், ஹோல்ட் விழலாம். படிவத்தில் கட்டணம் யாருடையது என்ற கட்டத்தில் "அனுப்புபவரே எல்லாம் ஏற்கிறார்" என்பதைத் தேர்ந்தெடுக்கச் சொன்னால் இது பெரும்பாலும் தவிரும். குறிப்புப் பகுதியில் மாணவரின் அடையாள எண்ணைப் போட மறந்தால் இன்னும் மோசம்: பணம் போயிருக்கும், யாருடையது என்று தெரியாமல் பல்கலைக்கழகத்தின் கணக்கில் அனாதையாகக் கிடக்கும்.

ஃப்ளைவயர் மாதிரிச் சேவைகளில் இந்த இரண்டு தொல்லையும் இல்லை. இத்தனை ரூபாய் கட்டினால் சரியாக இத்தனை டாலர் போய்ச் சேரும் என்று முதலிலேயே சொல்லிவிடுவார்கள், பணம் எங்கே நிற்கிறது என்றும் பார்த்துக்கொள்ளலாம். ஆனால் அவர்கள் லாபம் மாற்று விகிதத்துக்குள் இருக்கிறது. பேங்கும் அப்படித்தான், "சர்வீஸ் சார்ஜ் வெறும் ஐந்நூறுதான் சார்" என்று சொல்லிவிட்டு டாலருக்கு ஒரு ரூபாய் கூட்டி விற்பார்கள். 14,500 டாலருக்கு அந்த ஒரு ரூபாய் 14,500 ரூபாய். ஆகவே கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: எல்லாம் சேர்த்து என் கணக்கிலிருந்து எத்தனை ரூபாய் போகும், அங்கே எத்தனை டாலர் சேரும்? இரண்டு மூன்று இடங்களில் ஒரே நாளில் இதைக் கேட்டு ஒப்பிடுங்கள். டாலர் வாங்குவதற்கு ஜி.எஸ்.டி. உண்டு என்று சிலர் பயமுறுத்துவார்கள். அது மொத்தத் தொகைக்கு இல்லை; 20 லட்சம் அனுப்பினால் 1,170 ரூபாய் அளவில்தான் வரும்.

பயப்பட வேண்டியது, அல்லது குறைந்தபட்சம் தெரிந்துகொள்ள வேண்டியது, டி.சி.எஸ். வெளிநாட்டுக்கு அனுப்பும் பணத்தில் ஒரு பகுதியைப் பேங்க் முன்வரியாகப் பிடித்து அரசுக்குக் கட்டுவது இது. 2025 ஏப்ரல் முதல், ஒரு பான் எண்ணுக்கு ஒரு நிதியாண்டில் 10 லட்சம் ரூபாய் வரை பிடித்தமில்லை. அதற்கு மேல் சொந்தப் பணத்தில் கல்விக்கு அனுப்பினால் 2025-26 நிதியாண்டில் 5 சதவீதம். பேங்கிலோ நிதி நிறுவனத்திலோ வாங்கிய கல்விக் கடனிலிருந்து போகும் தொகைக்கு அறவே இல்லை. விகிதம் பட்ஜெட்டுக்கு பட்ஜெட் மாறும் என்பதால் அனுப்பும் மாதத்தில் பேங்கில் ஒரு முறை கேட்டுக்கொள்ளுங்கள்.

இங்கே ஒரு நுணுக்கம் இருக்கிறது. அமெரிக்காவின் ஃபால் செமஸ்டர் ஃபீஸ் ஆகஸ்டில், ஸ்ப்ரிங் செமஸ்டர் ஃபீஸ் ஜனவரியில். இரண்டும் நம் ஏப்ரல் முதல் மார்ச் நிதியாண்டுக்குள்ளேயே விழுகின்றன. அப்பா ஒருவரே இரண்டு தவணையிலும் மொத்தம் 18 லட்சம் அனுப்பினால், 10 லட்சம் போக மீதி 8 லட்சத்துக்கு 2025-26 விகிதப்படி 5 சதவீதம், அதாவது 40,000 ரூபாய் பிடிபடும். அம்மாவுக்கும் சொந்தச் சேமிப்பு இருந்து ஆளுக்கு ஒன்பது லட்சமாக அனுப்பினால் பிடித்தமே இல்லை. பிடித்த பணமும் தொலைந்து போகாது. படிவம் 26ஏஎஸ்ஸில் ஏறும், வருமான வரிக் கணக்கு தாக்கல் செய்யும்போது வரியில் கழித்துக்கொள்ளலாம் அல்லது திரும்பப் பெறலாம். ஆனால் யாருடைய பான் எண்ணில் பணம் போனதோ அவர்தான் கேட்க முடியும். வருமானம் வரம்புக்குக் கீழே இருப்பதால் கணக்கே தாக்கல் செய்யாத ஓய்வூதியதாரர் தாத்தாவின் கணக்கிலிருந்து அனுப்பினால், அந்த ஆண்டு அவரும் தாக்கல் செய்தாக வேண்டும்.

கடன் விஷயத்தில் விகிதத்தைப் பற்றி எல்லோரும் பேசுகிறார்கள். நாட்காட்டியைப் பற்றி யாரும் பேசுவதில்லை. சாங்ஷன் வேறு, பணம் வெளியே போவது வேறு. பேங்க் மொத்தத்தையும் ஒரே தடவை தராது. செமஸ்டர் வாரியாக, பல்கலைக்கழகத்தின் பில்லைப் பார்த்து, நேரே பல்கலைக்கழகத்துக்கு அனுப்பும். உங்கள் பங்கை முதலில் கட்டச் சொல்வதும் உண்டு. இந்திய வங்கிகள் சங்கத்தின் மாதிரித் திட்டப்படி 4 லட்சத்துக்கு மேற்பட்ட வெளிநாட்டுப் படிப்புக் கடனில் அந்தப் பங்கு 15 சதவீதம். முதல் செமஸ்டரை எப்படியோ சமாளித்துவிடுவார்கள், ஏனென்றால் மாணவரே ஊரில் இருந்து கிளைக்கு நடையாய் நடப்பார். இரண்டாவதில்தான் இடறும். புது பில்லோடு முதல் செமஸ்டர் மதிப்பெண்ணும் வேண்டும் என்று பேங்க் கேட்கும். மதிப்பெண் டிசம்பர் கடைசியில்தான் வரும். அப்போது அங்கே பல்கலைக்கழக அலுவலகத்துக்குக் கிறிஸ்துமஸ் விடுமுறை. ஜனவரியில் கெடு. இங்கே பொங்கல். நவம்பரிலேயே கிளை மேலாளரிடம் "அடுத்த தவணைக்கு என்னென்ன பேப்பர் வேண்டும்" என்று எழுதிக் கேட்டு வைத்துக்கொண்டவர்கள் மட்டுமே அந்த இரண்டு வாரம் நிம்மதியாகத் தூங்குகிறார்கள்.

பொதுத்துறை வங்கிகளில் படிப்புக் காலமும் அதற்குப் பின் ஓர் ஆண்டும் தவணை கட்டத் தேவையில்லை என்பது பொதுவான ஏற்பாடு. தவணை இல்லை என்றால் வட்டி இல்லை என்று அர்த்தமில்லை. 40 லட்சத்துக்கு 11 சதவீதம் என்று வைத்தால் முழுப் பணமும் போன பிறகு வட்டி மட்டும் ஆண்டுக்கு 4.4 லட்சம். கட்டாமல் விட்டால் அது அசலோடு சேரும். படிப்பு முடிந்து தவணை தொடங்கும்போது பாக்கி 50 லட்சமாக நின்றால், பத்து ஆண்டுகளுக்கு மாதத் தவணை சுமார் 69,000 ரூபாய். அமெரிக்காவில் வேலை கிடைத்தால் இது பெரிய சுமை இல்லை. கிடைக்காமல் சென்னைக்குத் திரும்பி முதல் வேலையில் சேர்ந்தால், சம்பளம் மொத்தமும் இதற்கே போகலாம். வீட்டை அடமானம் வைக்கும் முன் இந்த இரண்டாவது கணக்கையும் ஒரு தாளில் போட்டுப் பார்ப்பது அபசகுனம் ஆகாது.

அப்பா கடனில் இணைக் கடன்தாரராக இருந்து தன் வருமானத்திலிருந்து வட்டி கட்டினால், 80ஈ பிரிவின்படி அந்த வட்டி முழுவதையும் வருமானத்தில் கழிக்கலாம், உச்சவரம்பு இல்லை. பழைய வரி முறையில் இருப்பவர்களுக்கு மட்டும்தான். கட்டத் தொடங்கும் ஆண்டிலிருந்து எட்டு ஆண்டுகள்தான் சலுகை. ஆகவே படிக்கும்போதே கொஞ்சம் வட்டி கட்டினால் கடிகாரம் அன்றே ஓடத் தொடங்கிவிடும்.

இதற்கிடையில் வாட்ஸ்அப் குழுவில் ஒருவர் வருவார். "அண்ணா, உங்க ஃபீஸை நான் கட்டிடறேன், பத்து பர்சென்ட் கம்மியா எனக்குக் கொடுத்தா போதும்" என்பார். போர்ட்டலில் பணம் ஏறியதையும் காட்டுவார். அது திருடப்பட்ட கிரெடிட் கார்டில் கட்டியது. சில வாரத்தில் கார்டுக்குச் சொந்தக்காரர் புகார் கொடுப்பார், பணம் திரும்பிப் போகும், பாக்கி மறுபடி முழுசாக நிற்கும். உங்களிடம் வாங்கிய பணத்தோடு அவர் காணாமல் போயிருப்பார். வெளிநாட்டு மாணவர்களைக் குறிவைத்தே இது நடக்கிறது, பல்கலைக்கழகங்கள் வெளிப்படையாகவே எச்சரிக்கின்றன. பணம் போவதோடு விசாரணையும் வரலாம். ட்யூஷனுக்குத் தள்ளுபடி தரக்கூடியது பல்கலைக்கழகம் மட்டும்தான்.

அப்படிப் பல்கலைக்கழகமே தரும் தள்ளுபடிக்கு முக்கிய வழி அசிஸ்டண்ட்ஷிப். அறிவியல், பொறியியல் பிஎச்.டி.யில் ட்யூஷன் விலக்கும் மாத உதவித்தொகையும் அநேகமாக சேர்க்கையோடு வரும். எம்.எஸ்.ஸுக்கு அந்த உறுதி இல்லை; அங்கே போய்ப் பேராசிரியர்களைத் தேடிப் பிடிக்க வேண்டும். வாரம் 20 மணி நேர டி.ஏ. (கற்பித்தல் உதவி) அல்லது ஆர்.ஏ. (ஆய்வு உதவி) வேலை, அதற்குச் சம்பளமும் ட்யூஷன் விலக்கும் என்பது வழக்கமான அமைப்பு. எஃப்-1 மாணவர் செமஸ்டர் நடக்கும்போது வளாகத்தில் செய்யலாம் என்று அனுமதிக்கப்பட்ட உச்ச அளவும் அதே 20 மணிதான். கிடைத்தவர்கள் இரண்டு இடத்தில் ஏமாறுகிறார்கள். "ஃபுல் வெய்வர்" என்ற சொல்லுக்குள் கட்டாயக் கட்டணங்கள் பெரும்பாலும் அடங்குவதில்லை. செமஸ்டருக்கு ஓராயிரம் டாலர் அளவில் கைக்காசு போட வேண்டி வரலாம். அடுத்து, துறை அலுவலகம் நியமன ஆணையைக் கணினியில் ஏற்றும்வரை போர்ட்டலில் முழுத் தொகையும் பாக்கியாகவே காட்டும். பதறி ஊரிலிருந்து 14,500 டாலர் வரவழைத்துக் கட்டிவிட்டு, பிறகு அதைத் திரும்ப வாங்க மாதக்கணக்கில் அலைய வேண்டாம். துறையின் ஒருங்கிணைப்பாளருக்கு ஒரு மின்னஞ்சல் போட்டு, கெடுவுக்கு முன் விலக்கு ஏறுமா என்று எழுத்தில் வாங்கி, அதை பர்சர் அலுவலகத்துக்கு அனுப்புங்கள்.

உதவித்தொகையோடு வரும் சேர்க்கைக் கடிதங்களில் ஏப்ரல் 15 என்ற தேதி அடிக்கடி தென்படும். அமெரிக்கப் பட்டமேற்படிப்புக் கல்லூரிகளின் கூட்டமைப்புத் தீர்மானத்தில் கையெழுத்திட்ட பல்கலைக்கழகங்கள், அந்தத் தேதிக்கு முன் பதில் சொல்லும்படி மாணவரை நெருக்குவதில்லை என்று ஒப்புக்கொண்டிருக்கின்றன. அதற்குள் மற்ற இடங்களின் பதிலுக்குக் காத்திருக்கலாம்.

முழுத் தொகையும் ஒரே நாளில் புரட்ட முடியாதவர்களுக்கு, செமஸ்டர் பில்லை நான்கைந்து தவணையாகக் கட்டும் திட்டம் பெரும்பாலான இடங்களில் உண்டு. சேர ஒரு சின்னக் கட்டணம், வட்டி பொதுவாகக் கிடையாது. கெடுவுக்கு முன் சேர வேண்டும் என்பதுதான் நிபந்தனை. அங்கே பேங்க் கணக்குத் தொடங்கிய பிறகு, கார்டில் கட்டாதீர்கள். மூன்று சதவீதம் அளவுக்குச் சேவைக் கட்டணம் பிடிப்பார்கள். மின்னணுக் காசோலைக்கு அநேகமாகக் கட்டணம் இல்லை. அதில் கேட்பது ரூட்டிங் எண்ணும் கணக்கு எண்ணும். டெபிட் கார்டின் 16 இலக்கத்தைக் கணக்கு எண் கட்டத்தில் அடிக்கும் தவறு எல்லா ஆண்டும் நடக்கிறது. பணம் போனது மாதிரிக் காட்டிவிட்டு இரண்டு மூன்று நாளில் திரும்பி, அபராதத்தோடு வந்து நிற்கும்.

ஒரு பாடம் ஒத்துவரவில்லை, விட்டுவிடலாம் என்றால் தேதி பார்த்து விடுங்கள். தொடக்க நாட்களுக்குள் விட்டால் முழுப் பணமும் திரும்பும். பிறகு வாரத்துக்கு வாரம் குறையும். அதற்கும் பிறகு விட்டால் பணமும் வராது, மதிப்பெண் பட்டியலில் பாடத்தை விட்டதைக் குறிக்கும் ஒரு டபிள்யூவும் ஏறும். அதைவிட முக்கியம், விட்ட பிறகு முழுநேர அளவுக்குக் கீழே போகிறீர்களா என்பது. வெளிநாட்டு மாணவர் அலுவலகத்தைக் கேட்காமல் போர்ட்டலில் "ட்ராப்" பொத்தானை அழுத்தினால் விசா நிலையே ஆட்டம் காணும்.

ஊரில் இருக்கும் பெற்றோருக்குப் புரியாத ஒன்று: பணம் கட்டுவது நாங்கள், கணக்கை ஏன் எங்களுக்குக் காட்ட மாட்டேன் என்கிறார்கள்? 1974-ல் வந்த ஃபெர்பா சட்டப்படி, கல்லூரியில் சேர்ந்த மாணவரின் பதிவுகளுக்கு உரிமை மாணவருடையது. போன் போட்டுக் கேட்டாலும் பர்சர் அலுவலகம் வாய் திறக்காது. மாணவர் போர்ட்டலில் "அங்கீகரிக்கப்பட்ட பயனர்" என்று அப்பாவையோ அம்மாவையோ சேர்த்தால் அவர்களுக்குத் தனிக் கடவுச்சொல் வரும். பில்லைப் பார்க்கலாம், கட்டலாம். மகளின் கடவுச்சொல்லையே வாங்கி வைத்துக்கொள்ளும் வழக்கத்தை விட இது நல்லது. அந்தக் கடவுச்சொல்லில் மதிப்பெண்ணும் மின்னஞ்சலும் சேர்ந்தே திறக்கும் என்பதால் மகளும் இதையே விரும்புவார்.

வேலை பார்த்துச் சம்பளம் வாங்கியவர்கள் ஏப்ரல் 15-க்குள் அமெரிக்க வரிக் கணக்கு தாக்கல் செய்ய வேண்டும்; படிவம் 1040-என்ஆர். சம்பளமே இல்லாதவர்களும் 8843 என்ற படிவத்தை அனுப்ப வேண்டும். இந்திய மாணவர்களுக்கு ஒரு சலுகை: இரு நாட்டு வரி ஒப்பந்தத்தின் 21-வது பிரிவு, மற்ற நாட்டு மாணவர்களுக்குப் பெரும்பாலும் கிடைக்காத நிலையான கழிவை நமக்குத் தருகிறது. ஊருக்கே இலவசமாகக் கிடைக்கும் மென்பொருளில் அமெரிக்கக் குடிமகன் மாதிரி தாக்கல் செய்துவிட்டு, ட்யூஷனுக்கான வரிச் சலுகையையும் சேர்த்துக் கேட்டுவிடுகிறவர்கள் பிற்பாடு திருத்தப் படிவம் போட வேண்டியிருக்கும். அந்தச் சலுகை 1040-என்ஆர் படிவக்காரர்களுக்குக் கிடையாது.

கடைசிச் செமஸ்டரில் கணக்கை இன்னொரு தரம் திறந்து பாருங்கள். வாகன நிறுத்த அபராதம், ஆய்வகச் சாவி, நூலகப் பாக்கி என்று பத்து இருபது டாலர் எங்காவது ஒட்டிக்கொண்டிருந்தால், பட்டச் சான்றிதழும் மதிப்பெண் பட்டியலும் அதற்காக நிறுத்தப்படலாம். மாறாக, அதிகம் கட்டியிருந்து வரவு மிஞ்சியிருந்தால் அது எங்கே திரும்பும் என்று பார்க்க வேண்டும். ஃப்ளைவயரில் வந்த பணம் பெரும்பாலும் வந்த வழியே ஊருக்குப் போகும். மற்றது நீங்கள் பதிந்த அமெரிக்கப் பேங்க் கணக்குக்கு. வேலை கிடைத்து வேறு மாநிலம் போகும் அவசரத்தில் அந்தக் கணக்கை மூடிவிட்டால், பழைய வாடகை வீட்டின் முகவரிக்குக் காசோலையாகத் தபாலில் வரும். கல்விக் கடன் கொடுத்த பேங்குக்குப் படிப்பு முடிந்த சான்றும் புது முகவரியும் போக வேண்டும். முதல் தவணை எந்த மாதம் என்பதை அவர்களிடமே எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.